மழைநீர் வடிகாலில் கழிவு: வேலூரில் யாரிடம் சொன்னால் நிற்கும்?

மழை விட்டு மூன்று நாளாகியும் தெரு வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைத்தண்ணீர் இல்லை. யாரோ எங்கிருந்தோ விடுகிறார்கள். வேலூரில் அது போய்ச் சேரும் இடமும் தெரிந்ததுதான். தெரு வடிகாலிலிருந்து நிக்கல்சன் கால்வாய் போன்ற பெரிய கால்வாய்க்கோ ஏதாவதொரு ஏரிக்கோ போய், கடைசியில் பாலாற்றில் இறங்கும். ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கிறது. அடித்துக்கொண்டு போக வெள்ளம் இல்லாததால் வந்த கழிவு வந்த இடத்திலேயே ஊறி, கரையோரக் கிணற்றிலும் போர்த் தண்ணீரிலும் ஏறுகிறது.

புகார் சொல்ல வழிக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சி, முதல்வர் உதவி மைய எண் 1100, திங்கட்கிழமை மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோட்டாட்சியர், தகவல் உரிமைச் சட்டம், பசுமைத் தீர்ப்பாயம் என்று ஏழெட்டு இருக்கின்றன. பெரும்பாலோர் கைக்கு எளிதான 1100-ஐ அழைத்துவிட்டு, சில நாளில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் வெறுத்துப்போகிறார்கள். வீட்டுக் கழிவுக்கு ஒரு வழி, ஆலைக் கழிவுக்கு வேறு வழி, லாரியில் வந்து கொட்டுவதற்கு இன்னொரு வழி. இடம் மாற்றிக் கொடுத்த மனு மேசைக்கு மேசை நகர்ந்து ஓரிடத்தில் அடங்கிவிடும். அதனால் எந்த அலுவலகம் என்று யோசிக்கும் முன்பே மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ஓடுவது என்ன, வடிகால் யாருடையது, கழிவு வந்து விழும் வாய் எங்கே திறக்கிறது.

ஓடுவது என்ன

சாம்பல் கறுப்பு நிறம், சோப்பு நுரை, முடி, சோற்றுப் பருக்கை தெரிந்தால் வீட்டுக் கழிவு. காலை 6 முதல் 9 வரை கூடி, மதியம் குறைந்து, இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடி கொஞ்சம் ஏறும். நாள் முழுக்க ஒரே மட்டத்தில் ஓடினால் தங்கும் விடுதி, மருத்துவமனை, அல்லது உடைந்த குடிநீர்க் குழாய். தெளிவாக, வாடையே இல்லாமல் ஓடுவது அனேகமாகக் குழாய் உடைப்புத்தான். அதற்கு மாசுப் புகார் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், மாநகராட்சியின் குடிநீர்ப் பிரிவுக்குச் சொன்னால் போதும். முகூர்த்த நாளில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் கல்யாண மண்டபத்துச் சமையல் கட்டைத் தேடுங்கள்.

வெள்ளைக் கலங்கலாக ஓடுவதில் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் தாளை நனைத்தால் 12-ஐ ஒட்டிக் காட்டுமானால் சிமென்ட் கரைசல் அல்லது சுண்ணாம்பு. பொதுவான வெளியேற்றத் தரம் 5.5 முதல் 9.0 வரைதான், ஆகவே அந்த ஒரு தாளே பேசும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து மட்டும் ‘டேனரிக் கழிவு’ என்று எழுதிவிடாதீர்கள். தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் சேர்க்கும் சல்பைடும் அப்படித்தான் நாறும், பத்து நாள் தேங்கிய சாக்கடையும் அப்படித்தான் நாறும். நீலப்பச்சை நிறம் குரோம் பதனிடுதலைக் காட்டும். செம்பழுப்பு நிறம் பட்டைச் சாறு கொண்டு பதனிடும் இடத்திலிருந்து வரலாம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இருக்கும் பக்கம் மஞ்சளாக ஊறும் நீரைக் கண்டால் நச்சு அதிகமான அறுமதிப்புக் குரோமியமாக இருக்கக்கூடும். கையோ காலோ வைக்க வேண்டாம்.

மேலே வானவில் போலப் படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியா; தண்ணீர் தேங்கியதால் வந்தது. உடனே மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய். அருகில் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனோ மெக்கானிக் ஷெட்டோ இருக்கும்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சந்தேகப்படும் குழாய்க்கு மேற்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று, தெருக் குழாய்த் தண்ணீரில் ஒன்று என மூன்று அளவு எடுங்கள். மேலே 900, கீழே 6,000 என்றால் நடுவில் உப்பு இறங்குகிறது. பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். ஊறவைக்கும் முதல் தண்ணீரில் அந்த உப்பின் பெரும்பகுதி வரும், சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. மலிவு மீட்டர்கள் 9,990-க்கு மேல் காட்டாது. மீட்டர் அங்கேயே நின்றுவிட்டால் சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து அளந்து, இரண்டால் பெருக்கி, நல்ல தண்ணீரின் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அளவும் முக்கியம். ‘நிறைய ஓடுகிறது’ என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். குழாயிலிருந்து விழுந்தால் 10 லிட்டர் பக்கெட் எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 20 வினாடி என்றால் நாளுக்கு 43,200 லிட்டர். வாய்க்காலாக ஓடினால் அகலம், ஆழம், ஒரு காய்ந்த இலை 5 மீட்டர் மிதக்க ஆகும் நேரம் மூன்றும் போதும். அரை மீட்டர் அகலம், 10 செ.மீ. ஆழம், இலை 25 வினாடி என்று வைத்துக்கொண்டால் வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர். மேற்பரப்பு அடியைவிட வேகமாக ஓடுவதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும். வினாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர் வரும். 5,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஆறு லாரி. இந்த ஒரு வரி மனுவின் கனத்தையே மாற்றும்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. சாக்கடை நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ‘நாற்றம் போய்விட்டது’ என்று குனிந்தவர் எழுந்திருக்க மாட்டார். அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்குவதைக் கண்டால் மற்றப் புகாரெல்லாம் அப்புறம், முதலில் அதைத் தடுத்து 112-க்குச் சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டு மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் இறக்குவது குற்றம்.

வடிகால் யாருடையது

வேலூர் மாநகராட்சிக்கு 60 வார்டு, 4 மண்டலம். தெருவோர வடிகால்கள் அதன் பொறுப்பு. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் சத்துவாச்சாரி வழியாகப் போகின்றன. அந்த ஓர வடிகால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குரியது, எண் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை ஓரம் என்றால் அந்தத் துறை. பாலாறும் பெரிய நீர்நிலைகளும் நீர்வளத் துறையிடம். மாநகராட்சி எல்லை தாண்டினால் ஊராட்சி. அங்கே ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தீர்மானமாகவே எழுதிவிடலாம். நகரத்து மனுவைவிட அது சில சமயம் பலமானது.

2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததையும் மறக்க வேண்டாம். பேரணாம்பட்டு வேலூரில். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். வேறு ஆட்சியருக்குக் கொடுத்த மனு ‘எல்லைக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரியோடு திரும்பி வரும், அதற்குள் சில வாரம் போயிருக்கும். மாசு வாரியத்துக்கு வாணியம்பாடியில் தனி அலுவலகம் இருக்கிறது.

வாயைக் காட்டும் படம்

நான்கு படம் போதும். கழிவு விழும் வாய் ஒன்று. அதே வாயும் ஒரு கடைப் பலகையோ மின்கம்பமோ சேர்ந்து தெரிவது இரண்டாவது. வாய்க்கு மேற்புறத்தில் வடிகால் காய்ந்து கிடப்பது மூன்றாவது. கீழ்ப்புறத்தில் ஓடுவது நான்காவது. மூன்றாவது படத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே காய்ந்திருக்கிறது என்ற படம் இல்லாவிட்டால் ‘மேலிருந்தே வருகிறது’ என்று எதிராளி சொல்லிவிடலாம். இடத்தைச் சொல்ல மின்கம்ப எண், பக்கத்து வீட்டுக் கதவு எண், வார்டு எண் மூன்றும் எழுதுங்கள். ஜிபிஎஸ் முத்திரை நல்லதுதான். ஆனால் களத்துக்கு வரும் பணியாளர் கம்பத்தைத் தேடித்தான் வருவார். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நேர, இடக் குறிப்புகள் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பைப் போனிலிருந்து நீக்காதீர்கள். தனியார் வளாகத்துக்குள் நுழைந்து எடுக்க வேண்டாம், பொதுத் தெருவிலிருந்தே போதும்.

ஆலைக்காரர்கள் விடும் நேரம் நள்ளிரவு, ஞாயிறு, அல்லது மழை தொடங்கிய முதல் அரைமணி. மழையோடு விட்டால் நிறம் கரைந்துவிடும் என்பது கணக்கு. ஐப்பசியில் மழை பிடித்த பிறகு ஆதாரம் தேடுவது வீண் வேலை. ஆடி, ஆவணியிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சியா, 1100-ஆ

வீடு, ஓட்டல், மண்டபம், விடுதி, கட்டுமான இடம் இவற்றின் கழிவுக்கு மாநகராட்சிதான் சரியான இடம். வார்டு சுகாதார ஆய்வாளர் அன்றே வந்து பார்க்க முடியும், அபராதம் போட முடியும். ஆனால் குழாயை வெட்டி அடைப்பது பொறியியல் பிரிவின் வேலை. அதனால் மனு ஆணையருக்கு, நகல் மாநகர நல அலுவலருக்கும் உங்கள் பகுதி உதவிப் பொறியாளருக்கும் என்று எழுதுங்கள். ஆய்வாளருக்கு மட்டும் சொன்னால் அபராத ரசீதோடு முடியும், குழாய் அப்படியே இருக்கும். கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுப்பதில் நஷ்டமில்லை. குழாய் வைத்தவர் கவுன்சிலருக்கு வேண்டியவராக இருந்தால் மட்டும் அந்த நகலை மனு பதிவான பிறகு கொடுங்கள்.

மாநகராட்சி வழியில் இரண்டு பலவீனம். ஒன்று, புகாரின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலை நடக்கும். ‘வடிகாலில் கழிவுநீர் தேங்கி நாறுகிறது’ என்று எழுதினால் தூர்வாரி, ஓரத்தில் மண்ணைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் தூவிப் படம் எடுத்துப் புகாரை முடிப்பார்கள். மேலே சிலாப் போட்டு மூடுவதும் உண்டு, அதற்குப் பிறகு வாயைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மனுவில் ‘தூர்வார’ என்ற சொல்லே வேண்டாம். இப்படி எழுதலாம்:

“… வார்டு, … தெரு, மின்கம்ப எண் … எதிரில், கதவு எண் … வளாகத்திலிருந்து 4 அங்குலக் குழாய் மூலம் மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடப்படுகிறது. மழையில்லாத … , … , … தேதிகளில் எடுத்த படங்கள் இணைப்பு. பக்கெட் அளவில் நாளுக்குச் சுமார் … லிட்டர். இந்த இணைப்பை ஆய்வு செய்து துண்டித்து, துண்டித்த தேதியை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

எந்த வீட்டுக் குழாய் என்று தெரியாமல் நாலைந்து வீடு சேர்ந்திருந்தால், ஒவ்வொரு வீட்டுக் கழிவறையிலும் சாயம் ஊற்றிப் பார்க்கும்படி கேளுங்கள். பொறியாளர் முன்னிலையில் கால்மணி நேர வேலை. நீங்களாகச் செய்தால் சண்டைதான் வரும்.

இரண்டாவது பலவீனம், பாதாளச் சாக்கடை இன்னும் சேராத தெரு. துண்டித்தால் கழிவு தெருவில் ஓடும் என்று தள்ளிப்போடுவார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. அங்கே கேட்க வேண்டியது வேறு: செப்டிக் டேங்கின் வெளிக்குழாயை வடிகாலிலிருந்து எடுத்து உறிஞ்சுகுழிக்குத் திருப்பச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கை எடுக்காவிட்டால் கசடு நேராக வெளியே வரும். டேங்க் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்கச் சொன்னாலே பாதி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

1100 மேற்பார்வைக்கு நல்லது, முதல் அடிக்கு அல்ல. அங்கே பதிவாவது நீங்கள் சொன்ன இரண்டு வரி. அதைப் படித்து ஒருவர் துறை ஒதுக்குகிறார், அந்தத் துறை அதே வார்டு ஆய்வாளருக்கு அனுப்புகிறது. படம், அளவு, கம்ப எண் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடும். ஆணையருக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை எண் கையில் வந்து பதினைந்து நாள் ஆனபின் 1100-இல் ‘இந்த எண், இந்தத் தேதி மனு மீது நடவடிக்கை இல்லை’ என்று பதிந்தால் அது வேறு புகார். தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேலதிகாரி ஆகிவிடுகிறார். இன்னொன்று, 1100-இல் உங்கள் பெயரும் போன் எண்ணும் களப் பணியாளர்வரை போகும். பக்கத்து வீட்டைப் பற்றிய புகார் என்றால் அன்று மாலையே அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் கொடுப்பது மேல்.

சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், வடிகால் எந்தத் துறையினுடையது என்பதில் தகராறு இருக்கும்போது பயன்படும். மாநகராட்சி நெடுஞ்சாலையைக் காட்டும், நெடுஞ்சாலை மாநகராட்சியைக் காட்டும், இரண்டையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க ஆட்சியர் ஒருவரால்தான் முடியும். அந்தத் தகராறு இல்லாத சாதாரணப் புகாரை அங்கே கொண்டுபோனால் அதுவும் அதே ஆய்வாளரிடம்தான் வந்து விழும்.

ஆலைக் கழிவு: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்

தோல், சாயம், ரசாயனம், மின்முலாம், மருத்துவமனை இவற்றின் கழிவுக்கு மாநகராட்சியிடம் போய்ப் பயன் குறைவு. மனு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போக வேண்டும். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நீரோடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ மாசுப் பொருளை விடுவதைத் தடுக்கிறது. ‘நீரோடை’ என்பதில் இயற்கையானதோ செயற்கையானதோ எல்லா நீர்வழியும், தற்போது காய்ந்து கிடப்பதும்கூட அடங்கும். ஆகவே ‘இது வெறும் மழைநீர் வடிகால்தானே, ஆறா?’ என்ற வாதம் செல்லாது. 33ஏ பிரிவின்கீழ் மூடச் சொல்லவும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மாநகராட்சியிடம் இத்தனை பெரிய கோல் கிடையாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பாட்டிலில் பிடித்துத் தனியார் லேபுக்குக் கொடுத்து அந்த அறிக்கையையே ஆதாரம் என்று நம்புவது. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட்டு எடுத்ததுதான் ஆலைமீது வழக்குப் போடும்போது நிற்கும். உங்கள் பாட்டில் அதிகாரியைக் கிளப்பத்தான். அதற்கும் செலவு செய்வதென்றால் குறைவாகச் செய்யுங்கள்: ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில், வடிகால் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். எண்ணெய்க்கு மட்டும் கண்ணாடி பாட்டில், அதை அலசக் கூடாது. கேட்க வேண்டிய சோதனை பிஎச், டிடிஎஸ், குளோரைடு, சிஓடி (கழிவை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), மொத்தக் குரோமியம். உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொதுத் தரத்தில் பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250, மொத்தக் குரோமியம் 2, அறுமதிப்புக் குரோமியம் 0.1, சல்பைடு 2, எண்ணெய் 10.

அதைவிடப் பயனுள்ளது வடிகாலோரப் போர்த் தண்ணீரைச் சோதிப்பது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம், அரசு அறிக்கை என்பதால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. குடிநீர்த் தரத்தில், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், டிடிஎஸ் 500, வேறு ஆதாரமில்லாத நிலையில் 2,000, குளோரைடு 250, அதேபோல் 1,000, நைட்ரேட் 45, குரோமியம் 0.05. நைட்ரேட் ஏறியிருந்தால் மலக்கழிவு, குளோரைடு மட்டும் எகிறியிருந்தால் உப்புத் தோல் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகம்தான், மனுவில் முடிவாக எழுத வேண்டாம்.

வாரியத்தின் பலவீனம் வேகம். மனு போய், ஆய்வுக்கு நாள் குறித்து, அதிகாரி வந்து சேரும்போது வாய் காய்ந்திருக்கும். விடும் நேரத்தை மனுவிலேயே எழுதுவதுதான் இதற்கு மருந்து: ‘ஞாயிறு இரவு 11 முதல் 2 வரை, மூன்று வாரமாக’. கூடவே இரண்டு கேளுங்கள். ஆலைக்கு வாரியம் வழங்கிய அனுமதியான இசைவாணையில் வெளியேற்ற அளவு எவ்வளவு, பல ஆலைகளுக்குமான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு போகிறது? இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளம்தான் வடிகாலில் ஓடுகிறது. அதிகாரி அன்று காய்ந்த வாயைப் பார்த்தாலும் இந்தக் கணக்கு காய்வதில்லை.

மாநகராட்சியே கழிவை விடுகிறது என்றால், அதாவது பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையம் பழுதாகி வடிகாலில் திருப்பிவிட்டால், மனு அதே மாநகராட்சிக்குப் போவதில் அர்த்தமில்லை. அதுவும் வாரியத்துக்குத்தான். சுத்திகரிக்காத கழிவு ஆற்றில் சேரும் வடிகாலுக்கு, இடத்திலேயே தூய்மைப்படுத்தும் வேலையைக் குறித்த காலத்தில் தொடங்காத உள்ளாட்சி ஒரு வடிகாலுக்கு மாதம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019 டிசம்பரில் உத்தரவிட்டது. அதை மனுவில் ஒரு வரி குறிப்பிடுவது நல்லது.

லாரி வந்து கொட்டினால்

இதில் மனுவுக்கு நேரமில்லை. செப்டிக் டேங்க் லாரி மேன்ஹோலிலோ கால்வாயிலோ குழாயை இறக்கியிருப்பதைப் பார்த்தால் பதிவு எண் தெரியும்படி ஒரு படம், குழாய் இறங்கியிருக்கும் படம் ஒன்று, உடனே 112. பிறகு மாநகராட்சி. நகரங்களில் இந்த லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். உரிமம் போய்விடும் என்பதுதான் ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் உண்மையான பயம், அபராதம் அல்ல. ஓட்டுநரோடு மல்லுக்கட்ட வேண்டாம், எண் போதும். ரசாயன டேங்கர் கவிழ்ந்தோ கசிந்தோ வடிகாலில் இறங்கினால் 101. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி நின்றுதான் போன். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டியும் கரையும் விரிசல் விட்டுக் கசிவதைக் கண்டாலும் அவசர எண்தான், மனு அல்ல.

எதுவும் நகராதபோது

தகவல் உரிமைச் சட்டத்தைப் புகாராக நினைக்கக் கூடாது, நெம்புகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், 30 நாள் காத்திருப்பு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, காரணம் கேட்பது தகவல் கேட்பது ஆகாது. ஆவணம் கேளுங்கள்: மனு எண் இன்னதன் மீது ஆய்வு நடந்த தேதி, ஆய்வு செய்தவரின் பதவி, ஆய்வறிக்கை நகல், மாதிரி எடுத்திருந்தால் சோதனை அறிக்கை நகல், ஆலையின் இசைவாணை நகல், வார்டின் மழைநீர் வடிகால் வரைபடம். ஆய்வே நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தில் நடந்துவிடும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கோட்டாட்சியர் வழி பலருக்குத் தெரியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி, நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். தனி ஆளுக்கும் சொல்லலாம், நகராட்சிக்கும் சொல்லலாம். திறந்த சாக்கடை பற்றிய ரத்லம் நகராட்சி வழக்கில் ‘பணமில்லை’ என்ற சாக்கு எடுபடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே இந்தப் பிரிவை வைத்துத்தான் சொன்னது. வழக்குரைஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். நடைமுறையில் வேகம் கோட்டாட்சியரைப் பொறுத்தது. ஒரு தெருவே பாதிக்கப்பட்டு, பத்துப் பதினைந்து பேர் கையெழுத்தோடு போனால் எடுபடும். ஒருவராகப் போனால் ‘பக்கத்து வீட்டுத் தகராறு’ என்று உரிமையியல் நீதிமன்றத்துக்குக் கைகாட்டிவிடுவார்கள்.

நீர்ச் சட்டம் 49-ஆம் பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் ஆலைமீது முறையிடலாம். முதலில் சொன்ன முத்திரையிட்ட மாதிரி இல்லாமல் அங்கே போவது வீண். ஆனால் அந்த நோட்டீஸ் கொடுப்பதற்கே தனி மதிப்பு உண்டு: கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளை உங்களுக்குத் தர வேண்டும், பொதுநலனுக்கு ஆகாது என்று கருதினால் மட்டும் மறுக்கலாம்.

சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கடைசி வழி, ஆனால் கைக்கு எட்டாத வழி அல்ல. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், நீங்களே வாதாடலாம். சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி அங்கே கிடையாது. இங்குதான் உங்கள் படங்கள், டிடிஎஸ் அளவுகள், போர்த் தண்ணீர் அறிக்கை எல்லாம் எடுபடும். பாலாற்றுக்கு இந்தப் பாதை புதிதல்ல. ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது வேலூர் குடிமக்கள் நல மன்றம் வட ஆற்காட்டுத் தோல் ஆலைகள்மீது போட்ட வழக்கில்தான். அதே தோல் கழிவுக்காக 2025 ஜனவரி 30 அன்று மறுபடி ஒரு தீர்ப்பு வந்து, கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே 28 ஆண்டு. பெரிய தீர்ப்பு வந்துவிட்டது என்று சிறிய குழாய் தானாக அடைபடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தீர்ப்பாயத்துக்குப் போவதில் கெடு ஒன்று இருக்கிறது. பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்பதானால் ஐந்து ஆண்டு. மாநகராட்சிக்கு நீங்கள் கொடுத்த முதல் மனுவின் தேதி முத்திரையே ‘உங்களுக்கு அன்றே தெரியும்’ என்று எதிர்த்தரப்பு காட்டும் ஆவணமாகலாம். ஆகவே மனு, பதினைந்து நாளில் 1100, முப்பதாவது நாளில் தகவல் உரிமைக் கடிதம், அதன் பதிலோடு மாசு வாரியத்துக்கு நினைவூட்டல் என்று போய், நான்காவது மாதம் முடிவதற்குள் தீர்ப்பாயமா இல்லையா என்று முடிவெடுத்துவிடுங்கள். மனு தட்டச்சு செய்து, இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டு, பிரமாணப் பத்திரம் எழுதி முடிக்க மூன்று வாரம் ஆகும்.